ஒத்தாசைக்கு வந்தவள் அல்ல

கிளாஸ்கோ
29-5-1988

அன்புள்ள தம்பி பாஸ்கலுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். எட்மண்ட் அத்தானும் அவர் மனைவி ஜெயகுமாரியும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வீடு பெரியது. இரட்டைக் குழந்தைகள் இரண்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஊரை இன்னும் பார்க்கவில்லை. அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். நேரம் கிடைக்கும்போது காரில் அழைத்துப்போவார். குளிர் பழகிவிட்டது.

தங்கை சகாயத்துக்கும், அவளைக் கட்டப்போகும் ஜேம்சுக்கும் என் ஆசீர். பூந்தமல்லி அத்தைக்கு அவருடைய மூத்த மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகம் என்று சொல். கவலைப்பட எதுவும் இல்லை.

உன் அக்கா
ஞானகுமாரி

*

கொரட்டூர்
9-6-1988

அக்கா,

மூன்றாவது கடிதமும் வந்து சேர்ந்தது. ஏன் இப்படிப் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதுகிறாய்? ஏரோப்ளேனில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்றுகூட எழுதவில்லை. நம் வீட்டில் முதன்முதலாகக் கடல் தாண்டியவள் நீ. சகாயம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் போய், படிக்க ஒன்றுமில்லாமல் திரும்பி வருகிறாள்.

இங்கே குழாயில் தண்ணீர் இல்லை, லாரிதான். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நானும் சகாயமும் மாற்றி மாற்றிச் சமைக்கிறோம். என் முறை வரும் நாளில் அவள் ஸ்டேஷன் கடையில் பரோட்டா வாங்கித் தின்றுவிட்டு வருகிறாள்.

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. செப்டம்பர் 7, புதன்கிழமை. ஆகஸ்டில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். நீ 28ஆம் தேதி வந்துவிடுவாய், சரியாக இருக்கும். அத்தையின் இளைய மகனுக்கே கொடுக்கிறோம் என்பதால் எனக்குப் பாதி பாரம் குறைந்தது. எட்மண்ட் அத்தான் மனசு வைத்துத்தான் இது நடக்கிறது. அதை மறக்காதே.

உன் கம்பெனி வாசலில் வேம்புலி அண்ணனைப் பார்த்தேன். “இன்னா பாஸ்கலு, உங்க அக்கா நம்ம கம்பெனி லேத்து மிஷினு பொறந்த ஊரப் பார்த்துச்சா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பதினான்கு வருஷம் அம்பத்தூர் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டில் உழைத்து, சம்பளமில்லாத லீவு போட்டு, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறாய். நன்றாகச் சுற்றிப் பார்.

பாஸ்கல்

*

கிளாஸ்கோ, கோவன்
19-6-1988

பாஸ்கல்,

இதற்கு முன் நான் எழுதிய மூன்றையும் கிழித்துப் போடு. அத்தான், “ஒட்டாமக் குடு ஞானம், நானே தபால்ல சேர்த்துடறேன்” என்று வாங்கி, படித்துவிட்டுத்தான் அனுப்புவார். இதை அவர் படிக்க முடியாது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன்.

பதறாதே. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஜெயகுமாரி என் அறைக் கதவைத் தட்டி, இரண்டு பால் புட்டிகளைக் கையில் கொடுத்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை, நான் வருவதற்கு முந்தின வாரமே நிறுத்திவிட்டார்களாம். பிள்ளைகள் நம் ரத்தம்தானே என்று ஒரு வாரம் சந்தோஷமாகவே செய்தேன். பிறகு சமையல் வந்தது. துணி வந்தது. தரை துடைப்பது வந்தது. ஊரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், “இங்க என்ன இருக்கு? மழைதான்” என்பாள். ஐந்து வாரத்தில் நான் பார்த்தது விமான நிலையத்திலிருந்து வந்த சாலையும், ஒருநாள் குழந்தைகளுக்கு ஊசி போடப் போன சாலையும். அவ்வளவுதான்.

போன ஞாயிறு பகல் விருந்துக்கு அத்தானின் நண்பர்கள் வந்தார்கள். பிரியாணியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். ஒரு அம்மாள் நான் யார் என்று கேட்டார். ஜெயகுமாரி இங்கிலீஷில், “ஊர்லேருந்து வரவழைச்ச ஹெல்ப்” என்றாள். வேலைக்காரி என்று அர்த்தம்; எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள் போல. கம்பெனியில் இங்கிலீஷ் டிராயிங்கைப் பார்த்து, அரை நூல் பிசகினாலும் லேத்தில் கடைந்த ஜாப்பைத் திருப்பி அனுப்புகிறவள் நான். கரண்டியை வைத்துவிட்டு, அதே இங்கிலீஷில் சொன்னேன்: “நான் ஹெல்ப் இல்லை. டாக்டருடைய மாமன் மகள். இந்த ஊரைப் பார்க்க வந்திருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.”

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை.

அத்தானிடம் என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். “பத்திரமா இருக்கு, இப்ப எதுக்கு?” என்றார். நான்கு நாளும் அதே பதில். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் பெட்டியைக் கொண்டுபோய், வெளியே அவருடைய காருக்கு முன்னால் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். தூறிக்கொண்டிருந்தது.

“ஞானம், உள்ள வா. அக்கம்பக்கத்துல பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும் அத்தான். பாஸ்போர்ட்டக் குடுங்க, எழுந்துக்கறேன்.”

அவர் காரில் ஏறி எஞ்சினை முடுக்கினார். ஹாரன் அடித்தார். காரின் மூக்கு என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தோணியாரே என்று கண்ணை மூடிக்கொண்டேன், எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரி வந்தாள். மோராக் என்று பெயர். என் வயசுதான் இருக்கும். தினமும் ஜன்னலில் குழந்தைகளோடு நிற்கும் எனக்குக் கையாட்டிவிட்டுப் போகிறவள். என்னவென்று கேட்டாள், சொன்னேன். பையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “நானும் நிக்கறேன். எனக்கொண்ணும் அவசரமில்ல” என்று தெரு கேட்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஜெயகுமாரி பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, பெட்டிமேல் போட்டுவிட்டுப் போனாள்.

இப்போது மோராக்கின் வீட்டில் இருக்கிறேன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்யும் அவள் தம்பியின் அறை காலியாக இருந்தது. “உன் ஃப்ளைட் வரைக்கும் இரு” என்றாள். மேலே உள்ள விலாசத்துக்கு எழுது. நான் தவறு எதுவும் செய்யவில்லை.

ஞானகுமாரி

*

கொரட்டூர்
1-7-1988

ஞானகுமாரி அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பூந்தமல்லிக்கு டிரங்க் கால் வந்துவிட்டது. நீ ஒரு தபால்காரியோடு ஓடிப்போய்விட்டாய் என்று அத்தை சொல்கிறார். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல?

சொந்தக்காரர் வீட்டில் நாலு பாத்திரம் கழுவினால் குறைந்துபோய்விடுவாயா? நம் வீட்டில் நீ சமைக்கவில்லையா, துவைக்கவில்லையா? அம்மா போனதிலிருந்து எங்களை வளர்த்ததே நீதானே. அப்போதெல்லாம் வராத ரோஷம் அங்கே போனதும் எப்படி வந்தது? ஜெயகுமாரி வாய்தவறி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அதற்காகக் காரை மறித்து உட்காருவார்களா? அது என்ன, எஸ்டேட் கேட் முன்னால் நடக்கும் ஸ்டிரைக்கா?

முன்பின் தெரியாத வெள்ளைக்காரி வீட்டில் இருக்கிறாய். அவள் குடிப்பாளா, யார் யார் வந்து போவார்கள், ஒன்றும் தெரியாது. இன்றைக்கே அத்தான் வீட்டுக்குத் திரும்பிப் போ. பெரியவர் அவர், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் முடிந்துபோகும். இந்தக் கடிதத்தை அத்தான் வீட்டு விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். எனக்குத் தெரிந்து உன் விலாசம் அதுதான்.

பாஸ்கல்

*

கோவன்
12-7-1988

பாஸ்கல்,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு வருவதையெல்லாம் இங்கே திருப்பிவிடச் சொல்லித் தபாலாபீசில் ஃபாரம் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரிந்து என் விலாசம் இதுதான்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். மோராக் குடிப்பாள். சனிக்கிழமை இரண்டு கிளாஸ். குடித்துவிட்டுப் பாடுவாள், குரல் சகிக்காது. யாரும் வந்து போவதில்லை. என் அறைக்குள் வருமுன் கதவைத் தட்டிவிட்டு நிற்பாள். அத்தான் வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லை. என்னை ‘ஹென்’ என்று கூப்பிடுகிறாள். கோழியா என்று முதல்நாள் முறைத்தேன். இந்த ஊரில் பெண்களை அப்படித்தான் பிரியமாகக் கூப்பிடுவார்களாம்.

நம் வீட்டில் சமைக்கவில்லையா என்று கேட்டாய். சமைத்தேன். இப்போதுதான் யோசிக்கிறேன், உனக்கு முப்பது வயசாகிறது. நான் ஊரில் இருந்தவரை நீ சாப்பிட்ட தட்டை நீ கழுவிப் பார்த்ததில்லை. அது உன் தவறு மட்டுமில்லை, நானும் கேட்டதில்லை. இங்கே மாடிப்படி பொது. வாரம் ஒரு வீட்டார் கழுவ வேண்டும். எங்கள் முறை வந்தபோது நானே வாளியைத் தூக்கினேன். “நீ விருந்தாளி” என்றாள் மோராக். “இந்த வீட்டில் இருக்கிறேன், அதனால் கழுவுகிறேன்” என்றேன். வேலை செய்ய எனக்குக் கூச்சமில்லை, பாஸ்கல். அது புரிந்தால் மற்றதும் உனக்குப் புரியும்.

அவளோடும் ஒரு சண்டை வந்தது. லீவு நாளில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். இங்கே நில், அதைப் பார், ரோட்டைத் தாண்டாதே என்று ஒரே கட்டளை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், “ஆவடியிலிருந்து பீச் வரைக்கும் ஆபீஸ் நேர ரயிலில் தொங்கிக்கொண்டு போனவள் நான். தனியாகப் போகிறேன்” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் வழி தவறி, நனைந்து, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தபோது வாசலில் நின்றிருந்தாள். திட்டவில்லை. “எங்கெல்லாம் போனே?” என்று கேட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது தினமும் தனியாகத்தான் போகிறேன். தரைக்கடியில் ஒரு குட்டி ஆரஞ்சு ரயில் வட்டமாக ஓடுகிறது. ஏறிய இடத்துக்கே திரும்பவும் கொண்டுவந்து விடும். அதில் வேண்டுமென்றே இரண்டு சுற்று போனேன். ஆற்றங்கரையில் பழைய கப்பல்துறையைத் தூர்த்துப் பெரிய பூக்காட்சி வைத்திருக்கிறார்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஊரே வருகிறது.

வேம்புலி அண்ணனிடம் சொல், லேத்து பிறந்த இடத்தையும் பார்த்துவிட்டேன். கேட்டுக் கேட்டு நடந்து போனேன். கம்பெனி இல்லை. மூடி ஏழு வருஷமாகிறதாம். ஒரு சுவரும், இடுப்பளவு ஊதாப்பூச் செடிகளும்தான் மிச்சம். நாயோடு வந்த ஒருவர் அங்கே இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர். “உங்கள் லேத் ஒன்று அம்பத்தூரில் இன்னும் மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது” என்றேன். நம்பாமல் பார்த்தார். பிறகு, “எண்ணெய் ஒழுங்கா விடறாங்களா?” என்று கேட்டார். விடுகிறார்கள் என்றேன். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஞானகுமாரி

*

கொரட்டூர்
24-7-1988

அக்கா,

எனக்காக எழுதவில்லை. சகாயத்துக்காக எழுதுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தையும் ஜேம்சும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை உட்காரக்கூட இல்லை. “ஏம்பா பாஸ்கலு, வெளிநாட்ல போயி எங்க மானத்த வாங்கிட்டாளே உங்க அக்கா! எட்மண்டு ஆஸ்பத்திரில தல நிமுந்து நடக்க முடியலயாம். அவ கைப்பட மன்னிப்புக் கடுதாசி எழுதி அவங்கையில குடுக்கணும். இல்லாங்காட்டி ஓலையும் இல்ல, கண்ணாலமும் இல்ல” என்றார். ஜேம்ஸ் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

நான் உனக்காகப் பேசவில்லை என்று நினைக்காதே. “அவங்க அக்காவ வேலக்காரின்னு சொன்னாங்களாமே அத்தே” என்றேன். “சொன்னா இன்னா? செய்யறத சொன்னா” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

அவர்கள் போனதும் சகாயம் அடுப்படியிலிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. “ஒரு கடுதாசி எழுதினா அக்காக்கு கையி தேஞ்சிடுமா? எனக்காவ ஒருவாட்டி தல குனிஞ்சா இன்னா?” என்று கேட்டாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு ஜேம்சை எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத்தான் முதலில் சொன்னாள். நினைவிருக்கிறதா?

ஆகஸ்ட் 14 முதல் ஓலை. யோசி.

இந்தக் கடிதத்தை நீ கொடுத்த விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

பாஸ்கல்

*

கோவன்
3-8-1988

பாஸ்கல்,

இதைச் சகாயத்துக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே.

சகாயம், உனக்காக மூன்று நாள் உட்கார்ந்து அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதினேன். ‘நான் செய்த தவறுக்கு’ என்று எழுதுவேன், அடுத்து என்ன தவறு என்று எழுதத் தெரியாமல் பேனா நின்றுவிடும். நான்கு தாள் கிழித்தேன். மோராக் பார்த்துவிட்டு, “உனக்கு வேணும்னா நான் பொய்யா எழுதித் தர்றேன், எனக்கு உங்க பாஷதான் தெரியாது” என்றாள். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தேன்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. நீ கல்யாணக் களையில் இருக்கிறாய், அதைக் கெடுக்க வேண்டாம் என்று மறைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

விருந்துக்கு மறுநாள், நான் ஊருக்குப் போகும் தேதியைச் சொன்னபோது ஜெயகுமாரி சொன்னாள்: “போயேன். அடுத்த வருஷம் ஜேம்சுக்கு இங்க ஒரு வேலை பார்த்துக் கூப்பிட்டுக்கப் போறோம். உன் தங்கச்சி வந்துடுவா. அவ சின்னப் பொண்ணு, சொன்னதக் கேப்பா.” அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. நான் மறுநாள் எழுந்தபோது, அந்த ஐந்தரை மணிப் பால் புட்டி உன் கையில் இருப்பதுபோலத் தோன்றியது. காருக்கு முன்னால் உட்கார எனக்குத் தைரியம் வந்தது அதனால்தான்.

ஜேம்ஸ் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு இது தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. நீயே கேள்.

தெரிந்தும் நீ அவனைத்தான் கட்டுவேன் என்றால் கட்டிக்கொள். எனக்குக் கோபமில்லை. நான் கல்யாணத்துக்கு வந்தால் அவர்களுக்கு இடைஞ்சல் என்றால் வரவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. இது என்னால் முடியும். என் கையால் நான் தவறு செய்தேன் என்று எழுதிக் கொடுக்க மட்டும் முடியாது. அதை எழுதினால், நாளைக்கு நீ அங்கே ‘முடியாது’ என்று சொல்லும்போது, “உன் அக்காவே மன்னிப்புக் கேட்டாளே” என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள்.

பாஸ்கல், நான் முன்னதாகக் கிளம்பி வர மாட்டேன். 27ஆம் தேதி டிக்கெட், 28 சென்னை. அதுவரை இன்னும் பாதி ஊர் பார்க்க இருக்கிறது. மனசு சரியில்லைதான். ஆனாலும் பார்ப்பேன்.

ஞானகுமாரி

*

கொரட்டூர்
16-8-1988

அக்காவுக்கு,

இது உன் கைக்கு வந்து சேருமுன் நீ கிளம்பிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சகாயத்துக்கு வாசித்தேன். பால் புட்டி வரியில் நிறுத்திவிட்டேன். அவள் வாங்கி மீதியைத் தானே படித்தாள். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணா, பூந்தமல்லிக்குப் போலாம், வா” என்றாள். புடவைகூட மாற்றவில்லை.

அங்கே அத்தை, ஜேம்ஸ் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் என்னை நிறுத்திவிட்டு ஜேம்சைப் பார்த்துக் கேட்டாள்:

“அடுத்த வருசம் என்ன அங்க இட்டுகினு போப்போறீங்களாமே. பொண்டாட்டியாவா, ஆயாவாவா?”

அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை, “கண்ணாலத்துக்கு முன்னாலயே இன்னா பேச்சு பேசறா பாரு!” என்று கத்தினார்.

“உங்களக் கேக்கல அத்தே. அவரக் கேக்கறேன்.”

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…” என்றான் ஜேம்ஸ்.

அக்கா, அந்த இடத்தில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் ஓலை வாணாம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில்தான் அழுதாள். ஊரே பார்க்க, பூக்கடைப் பக்கத்தில் நின்று, சத்தமாக அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. பூசை முடிந்து வாசலில் ஆளாளுக்குக் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்களா என்று ஒருவர் பரிதாபப்பட்டார். “நாங்கதான் நிறுத்தினோம்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, சாமியார் திரும்பிப் பார்த்தார்.

நேற்றுப் பங்குச் சாமியார் வீட்டுப் போனுக்கு எட்மண்ட் அத்தான் என்னைக் கூப்பிட்டார். குடும்பம், மானம் என்று என்னென்னவோ பேசினார். கடைசியில், “உங்கக்காவ ஊர் சுத்திப் பாக்கறதுக்கா நாங்க கூப்பிட்டோம்?” என்று கேட்டார். “ஆமா அத்தான், அப்படித்தான் எழுதியிருந்தீங்க. கடுதாசி எங்ககிட்ட கீது” என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் நானே போனை வைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் பேசும்போது போனை வைத்தேன். நீ காருக்கு முன்னால் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாய்?

முன்பு நான் எழுதியதற்கெல்லாம் என்னை நாலு அறை அறைந்தாலும் தகும். நேரில் வந்து அறை.

இன்று சாயங்காலம் ஜேம்ஸ் வந்தான். அத்தைக்குத் தெரியாமல் வந்தானாம். சகாயம் வாசற்கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே, “கேட்டீங்களா?” என்றாள்.

“யாரையும் கேக்கல. நா அங்க போப்போறதில்ல. இங்கயே இருக்கலாம்” என்றான்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கதவைத் திறந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள்.

“இத எங்கிட்ட சொன்னா போதாது. அக்கா இருபத்தெட்டாந் தேதி வர்றாங்க. உங்கம்மாவ இட்டுகினு வாங்க. அக்கா எதுக்க வச்சி பொண்ணு கேளுங்க.”

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அம்மாவை அழைத்து வருவானா என்று எனக்குத் தெரியாது. சகாயத்துக்கும் தெரியாது. உள்ளே போய் அரிசி களைந்துகொண்டிருக்கிறாள்.

பாஸ்கல்